ஒயில் சீலும் ஒரு பெண்பார்ப்பும்

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மூதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து காரில் ஏற்றிவருவது என் பொறுப்பு.

பொறுப்பெல்லாம் சரி... கார்?

வெள்ளிக்கிழமையே துறைமுக வீதியில் வைத்துப் புகைந்துவிட்டது. கேம்ஷாஃப்ட் ஒயில் சீல் பழுது. எஞ்சின் தண்டின் நுனியில் எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற ரப்பர் வளையம் அது. கசிந்த எண்ணெய் சூட்டில் சொட்ட, கார் சாம்பிராணி போட்டுக்கொண்டே ஓடியது. கராஜ்காரர் அடுத்த கிழமை வரச் சொன்னார்.

"வாசலில எண்ணெய், காருக்குள்ள புகை... வாற சனம் என்ன நினைக்கும்?" என்றாள் மனைவி.

மகள் மதுராவுக்கோ சந்தோஷம். "அப்ப வரவேண்டாமெண்டு சொல்லுங்கோவன்!" அவளுக்கு இந்தப் பெண்பார்க்கும் சடங்கே பிடிக்காது.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு நஸீர் நானா புதிய சீல் ஒன்றோடு வந்தார். படகு எஞ்சின் திருத்துபவர். பெல்ட்டைக் கழற்றி, பழைய சீலைக் கிளப்பி எடுத்தார். புதியதைப் பொருத்துவதில்தான் சிக்கல். கோணாமல், வட்டம் முழுக்க ஒரே சீராகத் தட்டி இறக்க வேண்டுமாம்.

"இந்த அளவில ஒரு குழாய்த்துண்டு இருந்தாக் காணும், மாஸ்டர்."

பென்ஷன் வாத்தியாரின் மூளை சும்மா இருக்குமா? குசினிக்குள் போனேன். சிங்க்குக்குக் கீழே, கழிவுநீர் போகிற பிளாஸ்டிக் குழாய்! கையாலேயே திருகிக் கழற்றினேன்.

அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. மெல்ல மெல்லத் தட்ட, சீல் போய் உட்கார்ந்தது. பெல்ட்டைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம். ஒரு சொட்டுக் கசிவில்லை! சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறந்தேன்.

குழாய்? அது முற்றத்திலேயே கிடந்தது.

வந்தவர்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். மதுரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தாள். குசினியில் மனைவி பாத்திரம் கழுவத் தண்ணீரைத் திறந்தாள்...

"ஐயோ!"

சவர்க்கார நுரையோடு தண்ணீர் ஹோலுக்குள் வந்தது. மாப்பிள்ளையின் தாய் பட்டுச்சேலையோடு இரண்டு காலையும் கதிரையில் தூக்கிவைத்தார்.

மாப்பிள்ளை நிரோஷன் எழுந்தார். களிசானை மடித்துவிட்டு, குசினிக்குள் போய்க் குனிந்து பார்த்தார்.

"அங்கிள், இதில ஒரு பைப் இல்லையே?"

"அது... காருக்குத் தேவைப்பட்டது, தம்பி."

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார் பாருங்கள் — சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குசினி வாசலில் நின்ற மதுராவும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். குழாயை அவளே எடுத்துவந்தாள். அவர் பூட்டினார், அவள் துடைத்தாள். பிறகு தண்ணீரைக் கூட்டித் தள்ளிய தும்புத்தடி கைமாறியது. என்ன கதைத்தார்களோ... அந்தப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மதுரா வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, எனக்கு ஓம்."

படிப்பு, வேலை, சாதகம் எல்லாம் விசாரித்தோம். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ஆள் என்ன செய்வார் என்று யாராவது விசாரிக்கிறோமா?

மனைவிதான் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.