ஏலத்துக்குப் போன முகக்களிம்பு

முகத்துக்குப் பூசுகிற சீமைக் களிம்புக்கு அத்தனை விலை கொடுப்பது தகுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து அதைப் பூசிக் குணம் கண்ட ஒரே ஜீவன் ஒரு வண்டி மாடு.

ஒன்பது வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது, நெற்றியிலும் கன்னங்களிலும் தழும்பு தங்கிவிட்டது. பிற்பாடு பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கும், அப்புறம் பழகிவிடும். எனக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருவார், திங்கட்கிழமை விடியக்காலம் போய்விடுவார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் என் முகத்தைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை, பாவி மனுஷன்.

ஒரு சனிக்கிழமை பையிலிருந்து வெள்ளைக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். திறந்தால் ரோஜாப்பூ வாசம். துரைசானிமார் பூசுவதாம், அரை மாதச் சம்பளம் அதற்கே போய்விட்டதாம். எதற்கு என்று கேட்டேன். முகத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கடைசியில் இவருக்கும் என் முகம் கண்ணில் பட்டுவிட்டதா! கோபம் வந்தால் நான் கத்தமாட்டேன், என் பாத்திரங்கள் கத்தும். அன்று சாயங்காலம் அடுக்களையில் அவை போட்ட சத்தத்தில் அவர் வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வேதக்கோவிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் வயலிலும் கொல்லையிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டு வருவோம். வாழைக்குலை, கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கோழி விலைக்கு எடுப்பவர்கள் உண்டு, ஆண்டவர் காரியமென்று யாரும் சிரிக்கமாட்டார்கள். நான் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் கூடையில் வைத்தேன். அதற்கு அடியில் அந்தக் குப்பியையும் வைத்தேன்.

ஏலம் விட்ட கோவில் உபதேசியார் குப்பியைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், இன்னதென்று அவருக்குப் பிடிபடவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி, புண்ணுக்குப் போடுகிற மருந்தா என்று கேட்டார். அப்படித்தான் தெரிகிறது என்றார் உபதேசியார். அண்ணாச்சி நாலணா கேட்டார். மேற்கொண்டு கேட்க ஆளில்லை.

நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனாலும் ஏலம் கேட்கவில்லை. நாலணாவுக்கே போயிற்று. எனக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை. "நாலு வருஷம் களிச்சு எம் மூஞ்சி ஒங்களுக்கு அசிங்கமாத் தெரியுதாக்கும்" என்றேன்.

அவர் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, அங்கன ஆறு நாளும் தூத்துக்குடி அறையில ஒத்தையில கெடக்கேன். ஒம் படம் ஒண்ணு செவுத்துல இருந்தா நல்லாருக்கும்னுதான் போட்டோ எடுக்க ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீ வரமாட்டேன்னுட்ட. இதப் பூசுனா ஒனக்குத் தைரியம் வரும்னு நெனச்சேன். எனக்கு ஒன்னயப் பாக்கணும், அம்புட்டுதான்."

கூப்பிட்டது உண்மை. ஒரு தடவை தலைவலி என்றேன், இன்னொரு தடவை பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். படத்தில் என் தழும்பை நானே பார்க்கப் பயந்தேன், அவர் எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. நடுரோட்டில் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அந்த வாரத்தில் அண்ணாச்சி என்னைக் கண்டு ஒரு சேதி சொன்னார். நுகத்தடி உரசி வண்டி மாட்டுக் கழுத்தில் இருந்த புண்ணுக்கு அதைத் தடவினாராம், நன்றாக ஆறி வருகிறதாம், வாசம்தான் கொஞ்சம் கூடுதலாம். இன்னொரு குப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் ரயிலை விட்டு வந்ததும் நானாகவே கூப்பிட்டேன், வெளிச்சம் போவதற்குள் போட்டோ எடுக்கப் போனோம். போட்டோக்காரர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் பைய ஏதோ சொன்னார். படத்தில் தழும்பையெல்லாம் தெரியாதபடி தூரிகையால் அழித்துக் கொடுப்பாராம். எனக்குக் காதில் விழாது என்று நினைத்திருக்கிறார்.

"ஒரு புள்ளிகூட அழிக்கப்படாது வே," என்றார் என் வீட்டுக்காரர். "அப்புறம் அது வேற யாரோ பொம்பள படம்லா?"

அசையாமல் இருங்கள், அசையாமல் இருங்கள் என்று போட்டோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அழுத அழுகையில் அவருக்குப் படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேட்டு இரண்டு வீணாகிப் போயிற்று.