தெய்வசிகாமணி துவைத்த ஜெர்மன் தலைகள்

கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நகை மதிப்பீட்டாளர் தெய்வசிகாமணி. முப்பத்தோரு வருடத்தில் அவர் போட்ட மதிப்பு ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதை வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. பெட்ரோல் பங்கில் முன்னால் நிற்பவரிடம் சொல்வார். பல் பிடுங்க வந்த டாக்டரிடம், வாயில் பஞ்சோடு சொல்வார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு விழா. 'பிழையே செய்யாத பெருமகனார்' என்று பொறித்த கேடயம் தயார். வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் பெருமகனாரேதான். அதுவரைக்கும் ஒரு பிழை நேர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை.

பூதக்கண்ணாடி வைத்து வைத்து வலது கண் இடுங்கிப் போயிருந்தது. மனிதர்களையும் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார். கல்யாண மேடையில் மாமனார் போட்ட மோதிரத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தாலியை எடுத்தார். மணப்பெண் ஜெயம்மாள் அப்போதே எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. "ஒலகத்துல பாதி கவரிங்கு, மீதி செம்பு ஜாஸ்தி" என்பது அவருடைய தத்துவம். தான் எந்தப் பாதி என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆளிடம்தான் வெள்ளிமலை ரம்யா அந்த வாரத் திங்கட்கிழமை மலைப் பேருந்தில் இறங்கி வந்தாள். வாத்தியாராக இருந்து இறந்துபோன அவள் அப்பா தமிழழகனுக்கு எண்பதுகளில் ஜெர்மனியில் ஒரு பேனா நண்பர் இருந்தாராம். அவர் தன் வீட்டுப் பழைய கடிதங்களிலிருந்து கழற்றி அனுப்பிய பன்னிரண்டு தபால்தலைகள் அவள் கையில் இருந்தன, எல்லாம் 1923-ஆம் வருடத்தவை. சென்னையில் பழைய தபால்தலை வாங்கும் சுபுஹான் போட்டோவைப் பார்த்துவிட்டு, நேரில் எடுத்து வரச் சொல்லியிருந்தார். 'மெட்ராஸ்காரன் ஏமாத்திடுவான், ஊர்ல ஒரு வெல கேட்டுக்கினு போ' என்றாளாம் அம்மா. கள்ளக்குறிச்சியில் மதிப்பு என்றால் வேறு யார் வாசல்?

தெய்வசிகாமணி கண்ணாடியைச் சொருகினார்.

"இன்னாம்மா இது, ரெண்டு மில்லியன்னு போட்டுக்குது? இவ்ளோ வெல போட்டவன் எவனும் யோக்கியன் கெடையாது."

"பழசு சார். அப்பா பத்திரமா வெச்சிருந்தாரு."

"எல்லாம் அடிபட்ட தலைம்மா. மூஞ்சி முழுக்க கருப்பு மசி. ஒன்னும் தேறாது, எழுதி வெச்சிக்கோ."

ஜெர்மன் தெரியாது, தபால்தலை தெரியாது. ஆனாலும் மதிப்பு வந்துவிட்டது. நகையில் கல்லுக்குக் கழிப்பார்கள், அழுக்குக்குக் கழிப்பார்கள்; தபால் முத்திரை அவருக்கு அழுக்கு. அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"வுட்டுட்டுப் போ. அழுக்க எடுத்துப் பாக்கறேன்."

"கிழிஞ்சிடாதா சார்?"

"முப்பத்தோரு வருஷம்மா."

ரம்யா தலைகளை மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஜெர்மனி ஊறியது. மசி மசியவில்லை. கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டார். பஞ்சால் ஒற்றி ஒற்றித் தேய்த்தார்.

"அது இன்னா வேட்டியா, இப்படித் தொவச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் ஜெயம்மாள்.

"ஒனக்கு இன்னாடி தெரியும்?"

"எனக்கு இன்னா தெரியும்? மோதரத்த தேச்ச கைய தெரியும்."

மசி போனது. கூடவே சிவப்பில் பாதியும் போனது. காய்ந்த பன்னிரண்டும் சோகை பிடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. மனிதர் பூரித்துப் போனார்.

புதன்கிழமை வந்த ரம்யா பார்த்தாள். படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயோ, முத்திரைய இன்னாம்மா பண்ணீங்க?" என்றார் சுபுஹான். "அந்த வருஷம் அங்க தெனமும் வெலவாசி எகிறிச்சு. இந்தத் தலைங்க சில வாரம்தான் ஓடிச்சு. ஒட்டாம மிஞ்சினது மூட்டை மூட்டையா கெடக்குது, புதுசு கேட்டா நானே சும்மா குடுப்பேன். அப்போ நெசமாவே தபால்ல போயி முத்திரை வாங்கினதுதான் கம்மி. ஒங்க போட்டோல இருந்தது நெச முத்திரை. வெலையே அதுக்குத்தாம்மா!"

தெய்வசிகாமணியின் நெற்றி வேர்த்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

"இப்போ இன்னா பெறும் பாய்?" என்று கேட்டாள் ரம்யா.

"இப்போ ஒன்னும் தேறாதும்மா."

வேர்வை அப்படியே நின்றது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் திங்கக்கெழம இன்னா சொன்னேன்?"

"நீங்க தொவைக்கிறதுக்கு முன்னாடி அது வெல போயிருக்கும் சார். ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாம்னு இருந்தேன்."

"முன்னாடி எங்கம்மா இருக்குது? காட்டு."

அவள் போனில் பழைய படத்தை எடுத்து நீட்டினாள். கருப்பு வட்டங்கள், அவற்றுக்குள் ஊர்ப்பெயர், தேதி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இடுங்கிய கண்ணால் அவர் அரைக்கணம் பார்த்தார். தெரியாமல் இருந்திருக்காது.

"போட்டோவுக்கு நான் மதிப்பு போடறது இல்லம்மா. கையில இருக்கிற பொருளுக்குத்தான்."

ஜெயம்மாள் காபி டம்ளரைக் கொண்டுவந்து ரம்யாவின் முன்னால் மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் கூடத்து மேசையில் வெள்ளைத்தாளை விரித்து நிதானமாக எழுதினார். 'ஜெர்மன் தபால்தலை, பன்னிரண்டு. மதிப்பு: இல்லை.' கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். ஆனால் புதன்கிழமைத் தேதியைப் போடவில்லை, திங்கட்கிழமைத் தேதியைப் போட்டார். மடித்து அவளிடம் நீட்டும்போது அந்த முகத்தில் பெருந்தன்மை வழிந்தது.

"கட்டணம் வேணாம்மா. ஒன்னுமில்லாத பொருளுக்கு ஒங்கிட்ட எப்பிடி வாங்கறது?"