எட்டாம் மாசத்து அலைச்சல்

அந்தப் பெரிய மளிகைக் கடையில் அவளை எல்லோரும் 'மூணாம் கவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் நின்று பில் போடுகிறவளுக்கு வேறு பெயர் எதற்கு என்று அவளே சிரிப்பாள். கர்ப்பத்தில் ஏழாம் மாசம் பிறந்ததும் அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. காலையில் சரியாக இருந்த செருப்பு மதியத்துக்குள் காலைக் கடிக்கும். பாதம் அப்படி வீங்கியது. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். காய்கறி எடை போடுகிற அண்ணன் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். இரண்டே நாளில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பிரசவ லீவு கேட்டபோதுதான் உண்மையான அலைச்சல். நீ எங்கள் ஆளே இல்லை, உன்னை அனுப்பிய ஏஜென்சியைக் கேள் என்றார் மேனேஜர். ஏஜென்சிக்காரரோ, வேலை வாங்குவது கடைதானே என்றார். எட்டாம் மாச வயிற்றோடு பஸ் மாறி பஸ் ஏறி நாலு தடவை பந்தாடப்பட்டாள். கடைசியில் ஏஜென்சிக்காரர் ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கம்மா. கொழந்த பொறந்தப்புறம் புதுசா சேத்துக்கறோம்."

"புதுசான்னா, என் ஒன்பது வருஷம் எங்க சார் போகும்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவளின் காலைப் பிடித்துவிட்டபடி நாத்தனார் சொன்னாள்: "எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க அண்ணி. நான் வேல பாத்த எடத்துல போட்டுட்டுதான் இப்ப வேலையில்லாம நிக்கறேன்." பீரோவைக் குடைந்து, வருஷத்துக்கு ஒன்றாகக் கடை கொடுத்த அடையாள அட்டைகளை இருவரும் தேடி எடுத்தார்கள். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் அவற்றை மேஜைமேல் பரப்பியபோது, அங்கிருந்த பெண் அதிகாரி அட்டையைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார்.

"மொதல்ல உக்காருங்க."

அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரியின் கடிதம் கடைக்குப் போனபிறகு லீவு வந்தது. பெண் குழந்தை பிறந்தது. திரும்பி வந்தவளுக்கு மேனேஜர் முகம் கொடுக்கவில்லை. குடோனில் விலைச்சீட்டு ஒட்டப் போட்டுவிட்டார். கட்டிய பாலைப் பீய்ச்ச, துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைதான் இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பில் போடும் பெண்தான் வெளியே காவல் நிற்பாள்.

ஒருநாள் அந்தப் பெண் கதவிடுக்கில் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, எனக்கும் மூணு மாசம். யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல."

இவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வா, எல்லாம் சொல்றேன். இன்னிக்கு என்னால முடியல."