மஞ்சள் கை

எண்பதுகளில் ஓட்டப்பந்தயத்துக்காகப் போடிமெட்டு மலைச்சாலையில் ஓடிப் பழகினேன். களைப்பு தெரியாது என்று துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய கேரட் சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் அளவுக்கு மீறி விழுங்கினேன்.

ஒரு விடியலில், மூடுபனியில், ஒரு வளைவில் கால் பிசகிவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிவந்த ஜீப்பைக் கைகாட்டி மறித்தேன். விளக்கொளி என் உள்ளங்கையில் விழுந்தது.

“மஞ்சக் கை காட்டுறது மனுசன் இல்ல. வெரசாப் போங்கண்ணே!” என்று ஒரு பெண் அலறினாள். ஜீப் போய்விட்டது. கையைப் பார்த்தேன். மஞ்சள் அரைத்தது போலிருந்தது. உள்ளங்காலும் அப்படியே. காமாலை என்றே நினைத்தேன்.

நொண்டியபடி இறங்கிப் போடி டாக்டரிடம் போனேன். மாத்திரை விழுங்கியதையும் சொன்னேன். அவர் இமையை விலக்கிப் பார்த்தார்.

“கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, காமாலை இல்லப்பா. மாத்திரைச் சத்துதான் தோல்ல நிக்குது. ஓட்டத்துக்குச் சோறு போதும்.”

மாத்திரையை நிறுத்தியதும் நிறம் மெல்லப் போனது. இப்போது டாக்டரிடம் காட்டாமல் எந்தச் சத்து மாத்திரையும் தொடுவதில்லை. ஜீப்புகள்தான் இன்னும் அந்த வளைவில் யாருக்கும் நிற்பதில்லை.