அடியில்லாத சொம்பு

"ஓட்டைச் சொம்பைப் பத்தி உனக்கு என்னத்துக்குடா? கல்யாண வீட்டுல போயி மாப்பிள்ளை மூக்கைப் படம் பிடிக்கிற வேலையைப் பாரு. கிழவி அலமாரியைக் குடையிறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுக்குறானா?" என்று பேரனைத் திட்டினேன். திட்டினால் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சொம்பைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான். "பாட்டி, இதுல பாத்தா நீங்க நல்லா வட்டமா தெரியிறீங்க" என்றான். "இதுல பாக்காட்டியும் வட்டம்தான்டா" என்றேன்.

உண்மையில் தப்பு அவன் மேல் இல்லை. அன்று காலை புது ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் மூன்று காலையும் விரித்து வைத்தான். தலைப்பகுதியை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சமம் பார்த்தான். பிறகு கேமராவைத் தூக்கி அதன்மேல் தள்ளினான். டக். அந்தச் சத்தம் கேட்டதும் என் கையிலிருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. என்னை அறியாமல் கண் அலமாரிப் பக்கம் போயிருக்கிறது. படம் பிடிக்கிறவன், கண் போகிற இடத்தை விடுவானா? போய்க் குடைந்துவிட்டான். அதனால்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

அவனுடைய தாத்தாவைக் கட்டிக்கொண்டு மலாயாவில் காஜா பெராங் என்கிற இந்த ஊருக்கு நான் வந்தபோது ஊரில் வெள்ளைக்காரன் இருந்தான். தகரக் கூரை போட்ட வரிசை வீடு, பின்னால் கொல்லை, கொல்லைக்கு அப்பால் சேறு. என் வீட்டுக்காரர் முதலில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். பிறகு டவுனில் ஒரு முஸ்லிம் பெரியவரின் போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தார். முதலாளிக்குப் படம் எடுக்கத் தெரியும், இவருக்கு உடைந்ததைச் சரிசெய்யத் தெரியும். பேச்சு மட்டும் இவருக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தை விட எங்கள் வீட்டுத் தையல் மெஷினைத்தான் அதிகம் பார்த்தார். நான் காப்பி கொடுத்தபோது, "பெல்ட்டு தளர்ந்திருக்கு" என்றார். என்னைச் சொல்கிறாரோ என்று என் அம்மாவுக்குச் சந்தேகம்.

ஜப்பான்காரன் வந்ததும் ஊரில் சிரிப்பு நின்றுபோனது. கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். முதலாளியின் பெட்டிக் கேமராவை மட்டும் ஒரு ஆபிசர் திருப்பிக் கொடுத்தான். அவனுக்குப் படம் என்றால் பைத்தியம். குதிரை மேல் ஒரு படம், பாலத்தின் மேல் ஒரு படம், பட்டாளத்தை வரிசையாக நிறுத்தி ஒரு படம். அந்த வேலைக்காக முதலாளிக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கொரு துணிப்பட்டை கொடுத்தான். வெள்ளைத் துணியில் அவன் எழுத்தில் ஏதோ எழுதி, சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். அதைக் கையில் கட்டியிருந்தால் லாரியில் ஏற்ற மாட்டார்கள். அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், கடைத்தெருவில் பிடித்தார்கள். போனவனிடமிருந்து செய்தி வராது. அந்தத் துணிப்பட்டையைத் துவைக்கும்போது இருந்த பயத்தோடு என் தாலியைக்கூட நான் தொட்டதில்லை. சாயம் போய்விட்டால் புருஷன் போய்விடுவான்.

ஒரு கேமராவுக்கு எதற்கு இரண்டு ஆள் என்று கேட்பீர்கள். அந்த மரப்பெட்டிக் கேமரா ஆட்டுக்குட்டி கனம். அதை ஒருவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கீழே குனிந்து, ஸ்டாண்டின் அடியிலிருந்து திருகாணியை ஏற்றி இறுக்க வேண்டும். தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைத்து, கேமரா சாயாமல் நிறுத்த வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அதைச் சீக்கிரம் செய்யத் தெரியும். முதலாளிதான் விடமாட்டார். "தம்பி, நிதானமாத் திருகு. மூச்சு வாங்கிக் காட்டு. நெத்தியைத் தொடை. இது ரெண்டு ஆளு வேலைன்னு அவன் கண்ணுக்குத் தெரியணும்" என்பார். அவர் பழைய வியாபாரி. எதைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும், எதைத் தாமதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் ஜப்பான்காரனுக்குப் பொறுமை எங்கே? "லெக்காஸ், லெக்காஸ்" என்று கத்துவான். சீக்கிரம், சீக்கிரம். ஒரு நாள் ஆற்றங்கரையில் எடுத்த படத்தில் பட்டாளம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்ததாம். கூப்பிட்டு வைத்து முதலாளியை அறைந்தான். தொப்பி கீழே விழுந்தது. தாடி நரைத்த மனுஷன். ஸ்டாண்டைச் சமம் பார்த்தது இவர், அடி வாங்கியது அவர். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து நான் கிழங்கு வேகவைத்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றால் சுற்றிய பிரிமணை மேல் உருண்டை அடிப் பானை. எங்கள் தரை கோணல். பானையை வைத்தால் சாயும். நான் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவேன், பிரிமணைக்குள் பானை உருண்டு நேராகிவிடும். "இன்னொரு தடவை தட்டு" என்றார். தட்டினேன். "இன்னொரு தடவை." "பானைக்குக் கிறுக்குப் பிடிச்சிடும், போங்க" என்றேன்.

மறுநாள் கொல்லையில் மரவள்ளிச் செடிக்கு அடியில் நான் புதைத்து வைத்திருந்த பித்தளைச் சொம்பைத் தோண்டி எடுத்தார். பித்தளை, செம்பு எதைக் கண்டாலும் ஜப்பான்காரன் உருக்கக் கொண்டுபோய்விடுவான் என்று மறைத்து வைத்திருந்தேன். அம்மா எனக்குச் சீராகக் கொடுத்ததில் அது ஒன்றுதான் மிச்சம்.

"அதை என்ன பண்ணப் போறீங்க?"

"அடியை மட்டும் எடுத்துக்கிறேன்."

"அடியை எடுத்துட்டு மிச்சத்துல நான் என்ன, காத்தையா மொண்டு குடிக்கிறது?"

"சண்டை முடியட்டும், நானே ஒட்டித் தர்றேன். வேற எவன்கிட்டயும் குடுத்துடாதே, அசிங்கமா ஒட்டுவான்."

அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். ரம்பத்தால் சுற்றி அறுத்தார். பால் குடித்துக்கொண்டிருந்த என் மகன் அந்தச் சத்தத்தில் வீறிட்டான். அறுத்த அடி ஒரு கிண்ணம் போல் வந்தது. ஸ்டாண்டின் தலையில் மரவளையம் ஒன்று வைத்து, அதில் கிண்ணத்தை உட்காரவைத்தார். வளையம் பிரிமணை, கிண்ணம் பானை. கிண்ணத்தின் வாயில் ஒரு பலகை. முதலாளியிடம் வாங்கிய காலி அத்தர் குப்பிகள் இரண்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு குமிழி மட்டும் விட்டு மூடி, பலகையில் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பதித்தார். தரை எப்படி இருந்தாலும் கிண்ணத்தைக் குமிழி நடுவுக்கு வரும்வரை உருட்டி, கீழே ஒரு திருகு இறுக்கினால் போதும். காலைத் தொடவே வேண்டாம். பலகையில் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டினார். கேமராவின் அடியில் அந்தக் காடிக்குள் ஓடுகிற மரத்துண்டு ஒன்றைப் பொருத்தினார். சைக்கிள் பிரேக்குக் கைப்பிடியை வில்லோடு சேர்த்து மாட்டினார். கேமராவைத் தள்ளினால் டக் என்று பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை அழுத்தினால் விட்டுவிடும். கேமராவுக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியை வைத்து, கோணல் தரையில் எனக்குச் செய்து காட்டினார். டக். எடுத்தார். டக். கல்யாணத்தன்று இல்லாத சிரிப்பு முகத்தில். குப்பியில் குமிழி ஆடாமல் நின்றது. நான் கூட, "என்னையும் இதுல ஒரு தடவை நிறுத்துங்க, எனக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாயுது" என்றேன்.

முதலாளிக்கு அதைக் காட்டியபோது அவர் தடவிப் பார்த்தாராம். அத்தர் குப்பியை முகர்ந்தும் பார்த்தாராம். பிறகு, "அல்லா உனக்கு நல்ல கையைக் குடுத்திருக்கான் தம்பி. இதைப் பையிலயே வச்சிரு. அவன் இருக்கிற இடத்துல வெளிய எடுத்துடாதே" என்றாராம். இவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டியிருக்கிறார். பையிலேயே வைத்துச் சுமந்திருக்கிறார்.

பிறகு நடந்ததை முதலாளி வாயால் கேட்டதுதான். ஆற்றுக்குப் பக்கத்துக் குன்றில், கூரை இல்லாத பழைய தேவாலயத்துக்கு முன்னால் பெரிய அதிகாரிகளை நிறுத்திப் படம். சரிவான இடம், காலுக்குக் கீழே கல்லும் வேரும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கேமராவை அணைத்துக்கொண்டு நிற்கிறார், இவர் ஒவ்வொரு காலாக நீட்டிக் குறைக்கிறார், பட்டாளம் காத்திருக்கிறது. பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். நம் ஆபிசருக்கு மானம் போயிற்று. நேராக வந்து முதலாளியின் முகத்துக்கு நேரே கையை ஓங்கினான். கேமராவைப் பிடித்திருந்தவருக்கு முகத்தை மறைக்கக்கூடக் கை இல்லை. அப்போதுதான் இவர் பைக்குள் கையை விட்டார்.

ஓங்கிய கை அப்படியே நின்றதாம். கிண்ணத்தை வைத்தார், உருட்டினார், இறுக்கினார், கேமராவை வாங்கித் தள்ளினார். டக். இவர் ஒருத்தரே. ஆபிசர் பக்கத்தில் வந்து குனிந்து குமிழியைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இவர் முதுகில் தட்டினான். படம் எடுத்து முடிந்தது. மலையிறங்கும்போது முதலாளியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், ஸ்டாண்டைப் பார்த்தான். "சத்து ஓராங், சுக்குப்" என்றான். ஒரு ஆள், போதும். இவர் கையிலிருந்த பட்டையை அவனே அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்ததாம். நான் கட்டிவிட்ட முடிச்சு.

வெறும் கையோடு வீட்டுக்கு வந்தார். "பட்டை எங்கங்க?" என்றேன். "வாங்கிக்கிட்டான். ஒரு ஆளு போதுமாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குமிழி அசையவே இல்ல, தெரியுமா?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அது சொல்லத் தோன்றியது.

முதலாளி சும்மா இருக்கவில்லை. அடிக்கு அஞ்சாமல் அந்த ஆபிசரின் அறைக்கே போனார். "துவான், எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, கை நடுங்குது, அந்தப் பையன் இல்லாம என்னால முடியாது" என்று தெரிந்த மலாயில் கெஞ்சினார். அவன் தன்னிடமே வைத்துக்கொண்ட ஸ்டாண்டும் கேமராவும் அங்கேயே மூலையில் நின்றன. ஆபிசர் எழுந்து வந்து ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். மற்றக் கையால் கேமராவைத் தள்ளினான். டக். கைப்பிடியை அழுத்தி எடுத்தான். டக். கிலுகிலுப்பை கிடைத்த குழந்தை மாதிரி மறுபடியும் மறுபடியும். முதலாளி அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். "அது ஒரு தடவை சிக்கியிருந்தாக்கூடப் போதும் மகளே. சிக்கவே இல்ல."

அரிசி வரிசையில் நின்றபோது இவரைப் பிடித்தார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். லாரி புறப்படவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் கத்திக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். இவர் மட்டும் லாரியின் பின்பலகைக் கொக்கி எப்படி மாட்டுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? "என்னங்க" என்றுதான் கத்தினேன். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருடைய பெண்டாட்டிகள் "என்னங்க" என்று கத்தினார்கள், இவர் எப்படியோ என் குரலுக்கு நிமிர்ந்தார். "வாசக் கதவுத் தாழ்ப்பா சரியா விழாது புள்ள. கொஞ்சம் தூக்கிப் போடு" என்றார். லாரி போய்விட்டது.

இன்றுவரை எந்தக் கதவையும் நான் கொஞ்சம் தூக்கித்தான் தாழ்ப்பாள் போடுகிறேன். தூக்கத் தேவையில்லாத கதவைக்கூட.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். எலும்பும் புண்ணுமாக வந்தார்கள். வந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். மூங்கில் வெட்டியவர்களிடம் கேட்டேன், மண் சுமந்தவர்களிடம் கேட்டேன். பேச்சு வராத ஆள், எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார் என்று அடையாளம் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார்களோ என்னவோ. முதலாளி, ஆபிசர் விட்டுவிட்டுப் போன அறையிலிருந்து அந்தக் கிண்ணத்தை மட்டும் கழற்றி, தன் தோள் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "அன்னிக்கு அந்த அடியை நானே வாங்கியிருக்கலாம் மகளே. ஏற்கெனவே வாங்கின கன்னம்தானே" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொம்பு இல்லை. கொட்டாங்கச்சியில் கொடுத்தேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பேரன் அலமாரிக்குள் மறுபடி கையை விட்டு, துண்டில் சுற்றியிருந்த கிண்ணத்தையும் எடுத்தான். தன் புது ஸ்டாண்டின் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அதற்கும் அடியில் ஒரு கிண்ணம். பாதிப் பந்து மாதிரி, கறுப்பாக. "அதேதான் பாட்டி" என்றான். பிறகு சொம்பையும் கிண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். வெட்டிய விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. "பத்து பெரெண்டாம் ஊர்ல என் கூட்டாளி பட்டறை இருக்கு. ஒட்டினது தெரியாம ஒட்டிக் குடுப்பான். கொண்டு போகவா?" என்றான். நான் இரண்டையும் அவன் கையிலிருந்து வாங்கி, பழையபடி தனித்தனியாக அலமாரியில் வைத்தேன்.

அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களும் இதைத்தான் கேட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவன் வந்திருந்தான். பெண்கள் எல்லாம் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பாத்திரங்களோடு அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு துண்டும் கையில இருக்குல்ல, குடுத்து ஒட்டிக்க. இன்னுமா அவரு வந்து..." என்று அடுத்த வீட்டு அக்கா ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அவர்களும் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"அவருக்குன்னு இங்க ஒரு வேலை கெடக்கட்டும்கா. அதையும் நானே முடிச்சிட்டா, இந்த வீட்டுக்கும் ஒரு ஆளு போதும்னு ஆயிடும்."