டில்லிக்குப் போன ஷூ

டிராயிங் மாஸ்டர் என்பவர், கணக்கு மாஸ்டர் லீவு போட்ட அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற ஆள். தற்காலிக வேலையில் இருந்துகொண்டு, ஜூன் மாதத்தை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள்.

சுற்றறிக்கை

காஞ்சிபுரத்தில் எங்கள் ஹைஸ்கூலில் அந்த வருஷம் டிராயிங் பீரியடுகளை எடுத்துக் கணக்குக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பீரியடு போனால் நானும் போகவேண்டியதுதான். வீட்டில் மனைவிக்கு ஆறாம் மாதம். அப்போதுதான் ஹெட்மாஸ்டர் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். ஹைஸ்கூல் மாணவர்களுக்கு டில்லியில் அகில இந்திய ஷூ டிசைன் போட்டி. "ஒரு பரிசு வாங்கிக் காட்டுங்க சார், ஸ்கூல் கமிட்டியில நான் பேசறேன். இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க."

பார்த்து வரைதல்

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்கால், மீதிப் பேர் ரப்பர் செருப்பு. ஷூவுக்கு எங்கே போவது? வெளியூர்க்காரர்கள் கழற்றிப் போடுகிற இடமாகப் பார்த்து, சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வாசலுக்கு ஆறு பேரைக் கூட்டிப் போனேன். ஒருவன் ஒரு கறுப்பு ஷூவைக் கையில் தூக்கி ஸ்கேல் வைத்து அளந்தான். செருப்புகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

கூட்டம் கூடியது. அதில் கமிட்டி மெம்பர் யாராவது நின்றால் என் கதி என்ன என்று முகம் முகமாகப் பார்த்தேன். நான் வாத்தியார் என்று அந்த அம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "திருடறவன எவ்ளோவோ பாத்திருக்கேன்பா. வாத்தியார இட்டுக்கினு வந்து அளவெடுத்துத் திருடறவன இப்பதான் பாக்கறேன்."

கரை

பதினொன்றாம் வகுப்புக் கஸ்தூரி ஒருத்திக்குத்தான் வரைகிற கை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. நெசவாளி மகள். ஷூவுக்குள் பாதம் பதிகிற இடம் முழுக்க, பட்டுப்புடவைக் கரையில் வருகிற கோபுரத்தை வரிசையாக வரைந்திருந்தாள். அழகாக இருந்ததால் நான் யோசிக்கவேயில்லை.

மறுநாள் அவள் அப்பா, தறியிலிருந்து எழுந்த கையோடு, படத்தைச் சுருட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். சேதி ஊருக்குள் பரவினால் போட்டி இருக்கட்டும், நான் பஸ் ஏறவேண்டியதுதான். "பொடவைக் கரையும் கால்லதானேப்பா உரசுது?" என்று கஸ்தூரி கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உரசுது, இல்லேங்கல சார். மிதிக்கலயே."

ஜோடி

கோபுரம் போய், ஊசி ஊசியாக மெல்லிய கோடுகள் வந்தன. அவள் அப்பாவே கோடு எண்ணிக் கொடுத்தார். கடைசி நாளன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் நகலைப் பெருமையாக விரித்தேன். கணக்கு மாஸ்டர் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

ரெண்டும் இடது கால். தறியில் ஒரு பூ விழுந்தால் பக்கத்திலும் அதே பூதான் விழவேண்டும். கஸ்தூரி ஷூவையும் அப்படியே போட்டுவிட்டாள், நானும் கவனிக்கவில்லை. கணக்கு மாஸ்டர் என் தோளில் தட்டினார். "மனச விடாதீங்க சார். உங்க பீரியடுல நான் அல்ஜீப்ராவ நல்லாவே நடத்தறேன்."

கடிதம்

அதற்குப் பிறகு தபால்காரரைக் கண்டாலே வேறு பக்கம் போய்விடுவேன். ஏப்ரலில் கடிதம் வந்தது. இந்த ஜோடியை யாராலும் போட முடியாது, ஆனாலும் கோடுகளுக்காக மூன்றாம் பரிசு என்று எழுதியிருந்தார்கள். அழுதுவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஹெட்மாஸ்டர் சொன்னபடி கமிட்டியில் பேசி, என் வேலையை ஒரு வருஷம் நீட்டி வாங்கினார். "அடுத்த வருஷமும் ஒரு பரிசு வந்தா பர்மனென்ட்டே பண்ணிடலாம் சார். அந்தப் பொண்ணையே வரையச் சொல்லுங்க."

கஸ்தூரி பரீட்சையில் பாஸாகி மிட்டாயோடு வந்து நின்றபோது, அதை வாயில் போட்டுக்கொண்டே, இவள் இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்த வாத்தியார் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.