எனக்குக் கிடைத்த ஃபைவ் நைன்

ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் உட்கார்ந்து, மலிவான கிட் ஒன்றைச் சால்டர் செய்து நானே ஹாம் ரேடியோ கட்டினேன். என் குரல் தூரம் போகட்டும் என்று, அதில் குரலை அனுப்பும் டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போட்டேன்.

தினமும் காலையில் ரேடியோவில் கூடும் எங்கள் குழுவை நடத்தும் சேலத்துக்காரர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். நாம் பேசி முடித்ததும் "ஃபைவ் நைன்" என்பார். பலமாக, தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒருநாளும் அதைக் குறைத்துச் சொன்னதில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா இறந்ததையும் அங்கே சொன்னேன். "ஃபைவ் நைன் சார், ரொம்ப சந்தோஷம்" என்றார். வாய் தவறியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வாரம் அந்த டிரான்சிஸ்டர் புகைந்துவிட்டது. மற்றவர்கள் பேசுவது கேட்டது. என்னால் பேச முடியவில்லை. சேலத்துக்காரர் என் பெயரைக் கூப்பிட்டார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"ஃபைவ் நைன் சார், சூப்பர் ஆடியோ!"

காபி கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். "இன்னாங்க இது? நீங்க வாயே தொறக்கலையே!"

புது டிரான்சிஸ்டர் வாங்கிவிட்டேன். மாட்ட மனமில்லை. இன்று காலையும் பேசாமல்தான் இருந்தேன். இன்றும் ஃபைவ் நைன்தான்.

அப்படியென்றால், அப்பா இறந்ததை நான் இன்னும் அவர்களில் யாரிடமும் சொல்லவே இல்லை.